காதில் விழாத நான்காவது ஆள்

முதன்முதலில் கேட்டபோது டேப் ரெக்கார்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். யாரிடமோ இரவல் வாங்கிப் பதிவு செய்த கேசட். கிடார் கத்தி மாதிரி வருகிறது, டிரம்ஸ் தட்டச்சு இயந்திரம் போல் 'டக் டக்' என்று அடிக்கிறது, அடியில் மட்டும் ஒன்றுமே இல்லை. ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பேஸ் குமிழைக் கடைசி வரை திருகினேன். கிடார்தான் இன்னும் கொஞ்சம் தடித்ததே தவிர, தேடியது வரவில்லை. நண்பன் வீட்டுப் பெட்டியில் போட்டுப் பார்த்தும் அதே கதை. கோளாறு பெட்டியில் இல்லை, ஆல்பமே அப்படித்தான் என்று தெரிய ரொம்ப நாளானது.

மெட்டாலிகா என்கிற அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவின் நான்காவது ஸ்டுடியோ ஆல்பம் அது: '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்'. 1988 ஆகஸ்டில் வெளியானது. ஒன்பது பாட்டு, 65 நிமிடம். வாசித்தவர்கள் நான்கு பேர் என்று அட்டை சொல்கிறது. காது மூன்று பேரைத்தான் எண்ணுகிறது. காணாமல் போன நான்காவது ஆள் பேஸ் கிடார் வாசித்த ஜேசன் நியூஸ்டெட். குழுவுக்குள் வந்து இரண்டு வருடம்கூட ஆகாத புதியவர். இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் அடியில் தனியாக ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு போவதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, ஒரு ராக் ஆல்பத்தில் அந்த வாத்தியமே இல்லாமல் போவது எப்படி உறுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு இரண்டு விளக்கங்கள் காலங்காலமாகப் புழங்குகின்றன. செத்துப்போன நண்பனின் இடத்துக்கு வந்தவன் மேல் காட்டிய கோபம், வேண்டுமென்றே அமுக்கிவிட்டார்கள் என்பது ஒன்று. எல்லாம் தொழில்நுட்பக் குளறுபடி, யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்பது இன்னொன்று. எனக்கு இரண்டும் பாதிப் பாதியாகத்தான் படுகின்றன. ஒலி அளவைக் கீழே இறக்கச் சொன்ன ஒருவர் இருந்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் சொல்வதற்கு வெகு முன்பே அந்த வாத்தியத்துக்கு அந்தக் குழுவில் இடம் போய்விட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் அறைக்குள் யார் இருந்தார், யார் இல்லை என்று பார்த்துக்கொண்டே வந்தால் விஷயம் பிடிபடும்.

முதலில், யாருடைய இடம் அது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கிளிஃப் பர்ட்டன் மெட்டாலிகாவில் சேர ஒரு நிபந்தனை போட்டார். 'நான் லாஸ் ஏஞ்சலஸுக்கு வரமாட்டேன், நீங்கள் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் வாருங்கள்.' ஒரு பேஸ் வாசிப்பவருக்காக மொத்தக் குழுவும் மூட்டை கட்டி ஊர் மாறியது. அதிலிருந்தே அவருக்கு இருந்த மதிப்பு விளங்கும். முறையாக இசை கற்றவர், ஜெர்மன் இசைமேதை பாக்கின் ரசிகர். இரண்டு மெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பின்னுவது எப்படி என்று பாடிக்கொண்டே கிடார் வாசிக்கும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுக்கும் இன்னொரு கிடார்காரரான கிர்க் ஹாமெட்டுக்கும் காட்டியவர் அவர்தான். கம்பியை மீட்டும் பிக் என்கிற சில்லு இல்லாமல் விரலால் வாசிப்பார். 'ஃபார் ஹூம் த பெல் டோல்ஸ்' பாட்டின் தொடக்கத்தில் மணிச் சத்தத்தோடு வருகிற அந்த அலறலை கிடார் என்றே பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது பர்ட்டனின் பேஸ். 'ஓரியன்' என்கிற வாத்திய இசையின் நடுப்பகுதியில் எல்லாரும் ஒதுங்கி நிற்க, பேஸ் முன்னால் வந்து நடக்கும். மெட்டாலிகாவில் பேஸ் என்பது கிடாருக்கு அடியில் விரிக்கிற பாயாக இருந்ததில்லை. அது இன்னொரு குரல்.

1986 செப்டம்பர் 27 விடியற்காலை. ஸ்டாக்ஹோமில் கச்சேரி முடித்துவிட்டு கோபன்ஹேகன் நோக்கிப் போன பேருந்து, ஸ்வீடனில் யுங்பி ஊர் அருகே கவிழ்ந்தது. யாருக்கு எந்தப் படுக்கை என்று முந்தைய இரவு சீட்டு எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்பேட் ஏஸை எடுத்த பர்ட்டன், ஹாமெட் வழக்கமாகப் படுக்கும் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஜன்னல் வழியே தூக்கி எறியப்பட்டார், பேருந்து அவர் மேல் விழுந்தது. வயது 24.

அடுத்த கச்சேரி நவம்பர் 8. கணக்குப் போட்டுப் பாருங்கள், 42 நாள். அதற்குள் இறுதிச் சடங்கு நடந்து, நிறையப் பேரை வாசிக்கச் சொல்லிப் பார்த்து, ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருக்குப் பழக்கி, கலிஃபோர்னியாவின் ரிசீடாவில் மேடை ஏறிவிட்டார்கள். அதே மாதம் ஜப்பான் பயணம். வாசித்துக் காட்ட வந்தவர்களில், ஹாமெட்டோடு பள்ளியில் படித்த லெஸ் கிளேபூலும் ஒருவர்; பின்னாளில் பிரைமஸ் குழுவால் புகழ்பெற்ற அதே ஆள்தான். இடம் கிடைத்ததோ நியூஸ்டெட்டுக்கு. அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸில் இயங்கிய ஃப்ளாட்சம் அண்ட் ஜெட்சம் குழுவில் பேஸ் வாசித்ததோடு பாட்டு வரிகளில் பெரும்பகுதியை எழுதியவரும் அவர்தான். மெட்டாலிகாவின் வெறித்தனமான ரசிகர். எந்தப் பாட்டு தெரியும் என்று கேட்கிற அவசியமே இல்லாதபடி, மேடையில் வாசிக்கிற அத்தனையையும் கற்றுக்கொண்டு வந்து நின்றாராம்.

நம் ஊரில் ஒரு சாவு நடந்தால் பதினாறாம் நாள் காரியம் வரைக்குமாவது வீடு வீடாக இருக்காது. துக்கத்துக்கென்று நாள் ஒதுக்குகிற வழக்கம் அது. இந்தக் குழுவில் மிச்சமிருந்த மூன்று பேருக்கும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. அழுது தீர்க்கவும் தெரியவில்லை, நிறுத்தி நிதானிக்கவும் தோன்றவில்லை. தொடருங்கள் என்று பர்ட்டனின் குடும்பமும் சொன்னது. தொடர்ந்தார்கள். போகாத துக்கம் எங்கேயாவது போய் இறங்க வேண்டுமே. அது புது ஆளின் தலையில் இறங்கியது.

ஜப்பானில் வசாபியைக் காட்டி இனிப்பு என்று சொல்லி ஒரு கவளம் தின்ன வைத்தார்கள். ஹோட்டலில் எல்லாரும் குடித்துச் சாப்பிட்ட கணக்கை அவர் அறை எண்ணில் எழுதிவிட்டுப் போனார்கள். நள்ளிரவில் கதவைத் தட்டி எழுப்பி அறையைக் கலைத்துப் போட்டார்கள். இதெல்லாம் ரகசியமில்லை, சம்பந்தப்பட்டவர்களே பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள், அப்படி நடந்துகொண்டதற்குக் காரணம் பர்ட்டனை இழந்த கோபம்தான் என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நியூஸ்டெட் பொறுத்துக்கொண்டார். விடுதி மாணவனுக்கு நடக்கிற ராகிங் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். இது அதைவிட நீண்டது.

சரி, துக்கமும் ராகிங்கும் சேர்ந்து பேஸை அழித்தது என்று இங்கேயே முடித்துவிடலாமா? முடியாது. நடுவில் ஒரு சாட்சி இருக்கிறது.

1987 ஆகஸ்டில் மெட்டாலிகா ஐந்து டிராக் கொண்ட ஒரு குட்டி இசைத்தட்டை வெளியிட்டது. எல்லாம் மற்றவர்களின் பாட்டு: டயமண்ட் ஹெட், ஹோலோகாஸ்ட், கில்லிங் ஜோக், பட்ஜி, மிஸ்ஃபிட்ஸ். டிரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிக்கின் வீட்டு கராஜில் ஒத்திகை பார்த்தார்கள். சத்தம் வெளியே போகாமல் அந்த கராஜை அடைத்துத் தடுக்கும் மரவேலையில் முன்னால் நின்றதுகூட நியூஸ்டெட்தான். சில நாட்களிலேயே பதிவை முடித்தார்கள். அட்டையில் அவர் பெயர் 'மாஸ்டர் ஜே. நியூகிட்' என்று போட்டிருக்கும். புதுப்பையன் என்கிற கிண்டல். கிண்டல் கிண்டலாகவே இருக்கட்டும், அந்தத் தட்டைப் போட்டுக் கேளுங்கள். பேஸ் உறுமுகிறது. கில்லிங் ஜோக்கின் பாட்டில் கிடாரோடு தோளோடு தோள் நிற்கிறது. அதே ஆள், அதே குழு, அதே ராகிங் நடந்துகொண்டிருந்த காலம். அப்படியானால் 'அவருடைய வாசிப்பு பதிவில் எடுபடாது' என்கிற வாதம் அடிபட்டுப் போகிறது. கோபம் மட்டுமே காரணம் என்கிற வாதமும் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. அங்கே நான்கு பேரும் ஒரே அறையில், எதிரெதிரே நின்று, வேறு யாரோ எழுதிய பாட்டை வாசித்தார்கள். ஐந்து மாதம் கழித்து அந்த ஏற்பாடே தலைகீழானது.

1988 ஜனவரி கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள ஒன் ஆன் ஒன் ஸ்டுடியோவில் வேலை தொடங்கியது. முந்தைய இரண்டு ஆல்பங்களைச் செய்து கொடுத்த டென்மார்க்காரர் ஃப்ளெமிங் ராஸ்முசனுக்கு அப்போது நேரமில்லை. கன்ஸ் அண்ட் ரோசஸின் முதல் ஆல்பத்தைத் தயாரித்த மைக் கிளிங்க்கை வைத்து ஆரம்பித்தார்கள். ஒத்துவரவில்லை. சில வாரங்களில் ராஸ்முசனுக்கே அவசர அழைப்பு போயிற்று. கிளிங்க் இருந்தபோது பதிவான டிரம்ஸ் இரண்டு பாட்டுகளில் மட்டும் தங்கியது: 'ஹார்வெஸ்டர் ஆஃப் ஸாரோ', 'த ஷார்ட்டஸ்ட் ஸ்ட்ரா'. மே மாதத் தொடக்கத்தில் பதிவு முடிந்தது.

பாட்டுகளைக் கட்டிய விதத்தைக் கவனிக்க வேண்டும். ஹெட்ஃபீல்டும் உல்ரிக்கும் கேசட் கேசட்டாக ரிஃப் துணுக்குகளை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சின்னச் சின்ன கிடார் மெட்டுகளை, சேர்த்து வைத்திருந்தார்கள். அவற்றைக் கேட்டு, பொறுக்கி, ஒன்றோடு ஒன்று ஒட்டித் தைத்ததுதான் இந்த ஆல்பம். ஒரு பாட்டில் ஏழெட்டு ரிஃப், தாளம் திடீர் திடீரென்று மாறும், தலைப்புப் பாட்டு மட்டுமே பத்து நிமிடத்தைத் தொடுகிறது. (அதை மேடையில் வாசித்தபோது முன்வரிசையில் கொட்டாவி விட்டார்களாம், ஹாமெட்டே சொல்லிச் சிரித்திருக்கிறார். பல வருடம் அந்தப் பாட்டையே பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்கள்.) ஒன்பது பாட்டில் நியூஸ்டெட்டின் பெயர் எழுதியவர்கள் வரிசையில் வருவது ஒன்றில்தான், முதல் பாட்டான 'பிளாக்கன்ட்'. இன்னொரு பாட்டில் பர்ட்டனின் பெயர் இருக்கிறது: 'டு லிவ் இஸ் டு டை', ஏறக்குறைய முழுக்க வாத்திய இசை, நடுவில் சில வரிகளை ஹெட்ஃபீல்ட் பேசுகிறார். ஆக, எழுத்தில் உயிரோடு இருந்த பேஸ்காரருக்கு ஒன்று, இறந்தவருக்கு ஒன்று. கணக்கு சமம்.

பதிவு செய்த வரிசையும் முக்கியம். முதலில் டிரம்ஸ். உல்ரிக் பலமுறை வாசிப்பார், நல்ல துண்டுகளை வெட்டி டேப்பில் ஒட்டுவார்கள். அப்புறம் ஹெட்ஃபீல்டின் ரிதம் கிடார், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கு. இவ்வளவும் ஆன பிறகு பேஸ். நியூஸ்டெட் ஸ்டுடியோவுக்குள் போனபோது குழுவில் வேறு யாரும் அங்கே இல்லை. ஒலிப்பதிவுப் பொறியாளர் ஒருவரும் அவரும் மட்டும். இப்படி வாசி, இங்கே விட்டுப் பிடி, இந்த இடத்தில் கிடாரை விட்டு விலகிப் போ என்று சொல்ல ஆளில்லை. மேடையில் ஒன்றாக நின்று வாசித்து வளர்ந்த ஒருவர் தனியறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு என்ன செய்வார்? ஹெட்ஃபீல்டின் கை எங்கே போகிறதோ அதைப் பிசகாமல் பின்தொடர்வார். அதைத்தான் செய்தார். கிடார் என்ன வாசித்ததோ அதையே, அதே வேகத்தில், பிக் வைத்து.

இங்கேதான் ஒலியின் கணக்கு உள்ளே வருகிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

சாதாரண நான்கு கம்பி பேஸில் ஆகக் கீழான கம்பி விநாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. கிடாரின் கீழ்க்கம்பி சுமார் 82 முறை, சரியாக ஒரு ஸ்தாயி மேலே. ஆக இரண்டுக்கும் தனித்தனி வீடு உண்டு என்று தோன்றும். ஆனால் பேஸை நாம் அடையாளம் கண்டுகொள்வது அந்த ஆகக் கீழான அதிர்வால் மட்டுமல்ல. சின்ன ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் சரியாக வரவே வராது. கம்பியின் மேல் அதிர்வுகள், விரலோ பிக்கோ கம்பியைத் தொடும் அந்தச் சின்னச் 'சடக்', நூறு முதல் சில நூறு ஹெர்ட்ஸ் வரை உள்ள சதைப்பற்று, இவற்றை வைத்துத்தான் 'ஓ, பேஸ்' என்று காது சொல்கிறது.

இந்த ஆல்பத்தில் ஹெட்ஃபீல்டின் கிடார் ஒலி எப்படி? நடு அலைகளைக் குடைந்து எடுத்துவிட்டு, அடியையும் உச்சியையும் தூக்கி வைத்த ஒலி. உள்ளங்கையால் கம்பியை அமுக்கி அடிக்கும்போது 'ஜக் ஜக்' என்று அடிவயிற்றில் இடிக்கும். அதாவது பேஸின் சதைப்பற்று உட்கார வேண்டிய இடத்தில் கிடார் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டது. ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் இரண்டு ஒலி வந்தால், உரத்தது மற்றதை விழுங்கும். காதின் இயல்பு அது. பர்ட்டனாக இருந்தால் கிடார் போகாத வழியில் போயிருப்பார், தனியாகத் தெரிந்திருப்பார். நியூஸ்டெட்டோ ஒவ்வொரு அடியிலும் கிடாரின் அதே நொடியில் விழுகிறார். பிக்கின் 'சடக்'கும் கிடாரின் 'சடக்'கும் ஒன்றாகிவிட்டன. போதாக்குறைக்கு உல்ரிக் காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்: 'தும்' என்று வயிற்றில் விழ வேண்டியது, நகத்தால் மேசையைத் தட்டுவது போல் ஆகிவிட்டது. அடிப்பகுதியில் தாளத்தோடு பேஸ் கைகோத்து நிற்க, பக்கத்தில் ஆளே இல்லை.

இதையெல்லாம் மிக்ஸிங்கில், தனித்தனியாகப் பதிவானவற்றை அளவு பார்த்துக் கலக்கும் கட்டத்தில், சரிசெய்திருக்க முடியும். கிடாரின் அடியைக் கொஞ்சம் சீவிவிட்டு பேஸுக்கு வழிவிடுவது எந்த ஒலிக்கலவைப் பொறியாளரும் காலை காபிக்கு முன்னால் செய்கிற வேலை. அந்த வேலைக்கு அமர்த்தப்பட்டவர்களும் சாதாரண ஆட்கள் அல்ல: ஸ்டீவ் தாம்சன், மைக்கேல் பார்பியெரோ. கன்ஸ் அண்ட் ரோசஸின் முதல் ஆல்பத்தை மிக்ஸ் செய்த ஜோடி. இடம், நியூயார்க் மாநிலத்தின் பேர்ஸ்வில் ஸ்டுடியோ. நேரம்தான் கோணலானது. 1988 மே மாதக் கடைசியில் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக் என்கிற சுற்றுப்பயணம் தொடங்கிவிட்டது. வான் ஹேலன், ஸ்கார்ப்பியன்ஸ் குழுக்களோடு மெட்டாலிகாவும் விளையாட்டு மைதானங்களில் வாசித்தது. கச்சேரி முடிந்ததும் உல்ரிக்கும் ஹெட்ஃபீல்டும் விமானம் ஏறி பேர்ஸ்வில் வருவார்கள், மிக்ஸைக் கேட்பார்கள், திரும்பி அடுத்த கச்சேரிக்கு ஓடுவார்கள்.

பெரிய கச்சேரியில் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தவர்களுக்கு அந்த 'ஙீ...' தெரியும். மறுநாள் வரை காதில் பஞ்சு அடைத்தது போல் இருக்கும். முதலில் மங்குவது கூர்மையான உச்சி ஒலிகள்தான். அந்தக் காதோடு ஸ்டுடியோவில் உட்கார்ந்தால் எல்லாம் மந்தமாகக் கேட்கும், இன்னும் கூர்மை வேண்டும் என்று தோன்றும். எங்கள் காதெல்லாம் கருகிப்போயிருந்தது என்கிற பொருளில் ஹெட்ஃபீல்ட் பிற்காலத்தில் சொன்னார்; அவனை அமுக்க வேண்டும் என்று நினைத்துச் செய்ததல்ல என்றும் சொன்னார்.

தாம்சன் சொல்லும் கதை இன்னும் நேரடியானது. 2015 வாக்கில் அவர் கொடுத்த பேட்டிகளில் வருவது இது. டிரம்ஸ் எப்படி ஒலிக்க வேண்டும் என்று, ஈக்வலைசர் குமிழ்கள் எந்த எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதைப் புகைப்படமே எடுத்துக்கொண்டு வந்தாராம் உல்ரிக். அதன்படி வைத்துக் கேட்டால் தாம்சனுக்குப் பிடிக்கவில்லை. அடுத்தது பேஸ். 'குறை, குறை, கேட்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குக் குறை' என்றாராம் உல்ரிக். குறைத்தார். இப்போது அதற்கும் கீழே இன்னும் சில டெசிபல் இறக்கு. தாம்சன் திரும்பி ஹெட்ஃபீல்டைப் பார்த்தார். அவர் கையை விரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறார்கள் என்றுதான் தாம்சன் முதலில் நினைத்தாராம்.

டெசிபல் கணக்கு தெரியாதவர்களுக்காக: பத்து டெசிபல் இறக்கினால் காதுக்கு ஏறத்தாழப் பாதிச் சத்தமாகத் தெரியும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கிற ஒலியை அதில் பாதியளவு இறக்கினாலே போதும், கிடார் அதை மொத்தமாக மூடிவிடும்.

இப்போது அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். டிரம்ஸ் வாசித்தவர் இருந்தார். டிரம்ஸ் மேலே இருக்கிறது. ரிதம் கிடார் வாசித்தவர் இருந்தார். கிடார் மேலே இருக்கிறது. பதிவு செய்த ராஸ்முசன் இல்லை. நியூஸ்டெட் இல்லை. பர்ட்டன் இல்லவே இல்லை. பழைய குழுவில் உல்ரிக்கையும் ஹெட்ஃபீல்டையும் பார்த்து 'இது சரியில்லை' என்று சொல்லக்கூடிய வயதும் தோரணையும் பர்ட்டனுக்கு இருந்தன. ஊரையே மாற்ற வைத்த மனுஷன் ஒலி அளவைக் கூட்டும் ஒரு ஃபேடரை மேலே தள்ளச் சொல்ல மாட்டாரா? அந்த வாத்தியத்துக்காகப் பேசும் உரிமையும் அவரோடு போய்விட்டது. அவர் வாசிப்பை நியூஸ்டெட் கற்றுக்கொண்டு வந்தார். அந்த உரிமையை யாரும் அவருக்குத் தரவில்லை. புதிய ஆள் மீது வெறுப்பு இருந்ததா என்று கேட்பதைவிட, பேஸ் குறைந்தபோது 'ஐயோ, ஏதோ குறைகிறதே' என்று அந்த இருவருக்கும் ஏன் தோன்றவில்லை என்று கேட்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பர்ட்டனின் பேஸ் இல்லாத இடத்தில் வேறு எந்த பேஸைக் கேட்கவும் அவர்களுக்கு இன்னும் மனம் வரவில்லை போலிருக்கிறது. இது என் ஊகம்தான்.

இறுதி மிக்ஸைக் கேட்டபோது நொந்துபோனதாக நியூஸ்டெட் சொல்லியிருக்கிறார். கனவுக் குழுவில் இடம் கிடைத்து, முதல் முழு ஆல்பம் வெளியாகி, அதைப் போட்டுக் கேட்டால் தான் மட்டும் இல்லை. யாரிடம் போய் முறையிடுவது?

உலகம் கவலைப்படவில்லை என்பதுதான் வேடிக்கை. ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 6-ஆம் இடத்துக்குப் போனது. 'ஒன்' பாட்டுக்காக மெட்டாலிகா முதன்முறையாக வீடியோ எடுத்தது. எம்டிவி அதை ஓட்டி ஓட்டித் தள்ளியது. போரில் கை, கால், கண், காது, வாய் எல்லாம் போன சிப்பாய், தான் உயிரோடு இருப்பதைத் தலையை ஆட்டி மோர்ஸ் தந்தியில் சொல்ல முயல்கிற கதை, டால்டன் டிரம்போவின் நாவலிலிருந்தும் படத்திலிருந்தும் எடுத்தது. இருந்தும் குரல் எட்டாத ஒருவனைப் பற்றிய பாட்டு இந்த ஆல்பத்தில் இருப்பதை வைத்துப் பெரிதாகக் கதை கட்டலாம். நான் அதைத் தொடாமல் போகிறேன். 1989 கிராமி விழாவில் அந்தப் பாட்டை மேடையில் வாசித்துவிட்டு, விருதை ஜெத்ரோ டல் குழுவிடம் இழந்தார்கள். அடுத்த வருடம் அதே பாட்டுக்கு விருது வந்தது. அமெரிக்காவில் மட்டும் 80 லட்சம் பிரதிகளுக்கான சான்றிதழ் இந்த ஆல்பத்துக்கு உண்டு.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த வறட்சி சில பாட்டுகளுக்குப் பொருந்துகிறது. காசுக்கு வளையும் நீதி, கறுப்புப் பட்டியல், எரிந்து கருகும் பூமி என்று வரிகள் போகின்றன. அடியில் கதகதப்பு இல்லாத அந்த ஒலி, எலும்பு தெரியும் உடம்பு மாதிரி, வரிகளோடு ஒட்டிக்கொள்கிறது. ரசிகர்கள் பேஸைத் தாங்களே ஏற்றி இணையத்தில் போட்ட பதிப்புகள் உண்டு, '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஜேசன்' என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். 'பிளாக்கன்ட்' அதில் நன்றாக, உருண்டையாக இருக்கிறது. ஆனால் அந்தக் குளிர் போய்விடுகிறது. 'டு லிவ் இஸ் டு டை' விஷயத்தில்தான் எனக்கு மன்னிப்பே இல்லை. பேஸ் வாசித்த ஒருவனுக்கான அஞ்சலியில் பேஸ் கேட்கவில்லை என்றால் என்ன சொல்வது.

1991-ல் வெளியான அடுத்த ஆல்பத்துக்குத் தயாரிப்பாளராக பாப் ராக் வந்தார். நான்கு பேரையும் ஒரே அறையில் நிறுத்தி வாசிக்க வைத்தார். கிடாரைப் பின்தொடராதே, டிரம்ஸைப் பிடித்துக்கொள் என்று நியூஸ்டெட்டிடம் ஒருவர் சொன்னது அப்போதுதான். 'சேட் பட் ட்ரூ'வைப் போட்டால் ஜன்னல் கண்ணாடி அதிரும். 'மை ஃபிரெண்ட் ஆஃப் மிசரி' பாட்டு பிறந்ததே அவருடைய பேஸ் ரிஃப்பிலிருந்து. பதினான்கு வருடம் இருந்துவிட்டு 2001 ஜனவரியில் விலகினார்.

2018-ல் ஜஸ்டிஸ் ஆல்பத்தைத் துலக்கி, பழைய ரிஃப் கேசட்டுகள் உட்படப் பெரிய பெட்டியாக மறுவெளியீடு செய்தார்கள். பேஸை ஏற்றுவார்கள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். அந்தக் காலத்தின் புகைப்படம் அது, இப்போது போய்த் திருத்த முடியாது என்பது ஹெட்ஃபீல்டின் நிலைப்பாடு. டேப்பில் அந்த பேஸ் பிரமாதமாக இருந்தது என்று ராஸ்முசன் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அதைக் கேட்டவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான், அவர்களில் அவர் ஒருவர்.

2009 ஏப்ரலில் கிளீவ்லாந்தில் மெட்டாலிகாவை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். பர்ட்டன் சார்பில் அவருடைய அப்பா வந்திருந்தார். விலகிப் போன நியூஸ்டெட்டையும் அழைத்திருந்தார்கள். அவரும், அவருக்குப் பின் வந்த ராபர்ட் ட்ருஹியோவும் ஒரே மேடையில் வாசித்தார்கள், இரண்டு பேஸ் ஒன்றாக. விருந்தினராக வந்திருந்த ஸ்டீவ் தாம்சன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த உல்ரிக், தாம்சன் சொல்வதன்படி, திடீரென்று கேட்டாராம்: 'ஆமாம், ஜஸ்டிஸ்ல அந்த பேஸ் என்னாச்சு?' எழுந்து ஒரு குத்து விடலாமா என்று இருந்ததாம் தாம்சனுக்கு.